பழைய அமிகா டிஸ்க்கை மாற்றித் தருகிறோம் என்றார்கள், 8,000 போயே போச்சு

அந்தக் கடைக்காரர்கள் கடைசியாக அனுப்பிய பதிலை இன்று காலைதான் படித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஃபிளாப்பி டிஸ்க்கில் இருப்பதை பென் டிரைவில் போட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு ஆன்லைன் டேட்டா ரெக்கவரி கடை. பெயர் போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது. மொத்தம் 8,000, அதுவும் முழுசாக முன்பணம்.

என்னிடம் இருப்பது அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். என் அண்ணன் அதில் உட்கார்ந்து போட்ட பாட்டுகள் ஒரு பெட்டி டிஸ்க்கில் இருக்கின்றன. மெஷின் இன்னும் ஓடுகிறது, ஆனால் எத்தனை நாளைக்கு ஓடும்? அதனால்தான் எல்லாவற்றையும் பிசிக்குக் கொண்டுவர நினைத்தேன்.

போனில் பேசியவர் அவ்வளவு பக்குவமாகப் பேசினார். "சார், அமிகாவா? கவலையே படாதீங்க, நாங்க அடிக்கடி பண்றதுதான். ஏ.டி.எஃப். ஃபைலா தந்துடுறோம், எமுலேட்டர்ல அப்படியே ஓடும்." ஏ.டி.எஃப். என்றால் ஒரு அமிகா டிஸ்க்கின் முழு நகல் ஒரே ஃபைலாக, எமுலேட்டர் என்றால் பிசியை அமிகா போல நடக்க வைக்கும் சாஃப்ட்வேர். ஏ.டி.எஃப். என்ற பேரை அவராகவே சொன்னார், நான் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த ஆள் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன். பணத்தை அனுப்பினேன், டிஸ்க்குகளையும் அனுப்பினேன்.

வந்த பென் டிரைவில் எல்லா ஃபைலும் சரியாக 901,120 பைட். அமிகா டிஸ்க்குக்கு அதுதான் அளவு: 80 டிராக் (வட்டத் தடம்), இரண்டு பக்கம், டிராக்குக்கு 11 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 512 பைட். பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். எமுலேட்டரில் ஒன்றுகூட ஓடவில்லை. ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், முதல் மூன்று பைட்டில் டி, ஓ, எஸ் என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். பூஜ்யம். கீழே இறங்க இறங்கப் பூஜ்யம், கடைசி வரைக்கும் பூஜ்யம். வெறும் ஃபைலை அளவு பார்த்துச் செய்து அனுப்பியிருக்கிறார்கள்!

கேட்டதற்கு முதலில், "டிஸ்க் பழசு சார், காந்தம் போயிருக்கும்." அதே டிஸ்க்குகள் என் அமிகாவில் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். "அப்போ உங்க எமுலேட்டர் செட்டிங் தப்பு." பூஜ்யங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். டெக்னீஷியன் லீவு. அப்புறம் பதிலே இல்லை. நான் விடாமல், எந்தக் கருவியில் படித்தீர்கள் என்று கேட்டேன். "யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ்தான் சார், எல்லாத்தையும் படிக்கும்."

படிக்காது! யூஎஸ்பி டிரைவுக்குள்ளேயே இருக்கும் கன்ட்ரோலர் சிப்புக்கு பிசி முறையில் எழுதிய டிஸ்க்கு மட்டும்தான் புரியும். அமிகா ஒரு டிராக்கை மொத்தமாக எழுதும், செக்டர்களை அது குறித்து வைக்கும் விதமே வேறு. அந்த டிரைவில் எத்தனை தடவை போட்டாலும் ஒன்றும் வராது. இது தெரியாதவர்கள் எதற்கு 8,000 வாங்க வேண்டும்?

இதைவிடக் கொடுமை ஒன்று. திரும்பி வந்ததில் ஒரு டிஸ்க்கு இப்போது அமிகாவிலும் ஓடவில்லை. தகட்டு மூடியைத் தள்ளிப் பார்த்தேன். பழுப்புப் பரப்பில் வட்டமாக ஒரு கீறல், வெளிச்சத்தில் பளபளக்கிறது. டிரைவில் படிக்கும் முனையான ஹெட் அழுக்காக இருந்து உரசிய தடம். அனுப்பும் முன் நான் ஓட்டிப் பார்த்த டிஸ்க்கு அது. அந்தப் பாட்டுக்கு வேறு நகல் கிடையாது.

இன்றைய பதில்: "சர்வீஸ் சார்ஜ் முயற்சிக்குத்தான், ரிசல்ட்டுக்கு இல்லை." அப்படியென்றால் அந்த 8,000 பூஜ்யங்களுக்கா?

எப்படிச் செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு சரியில்லை. அவசரத்துக்குச் சிலது. எதில் படிப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். கிரீஸ்வீசல், கிரையோஃபிளக்ஸ் போல காந்தத் துடிப்பையே பதிவு செய்யும் கருவியின் பேர் வராவிட்டால் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். கிரீஸ்வீசல் சின்ன போர்டுதான், பழைய பிசியில் இருந்து கழற்றிய சாதாரண ஃபிளாப்பி டிரைவ் போதும், வீட்டிலேயே செய்யலாம். மெஷின் ஓடுகிறதென்றால் சீரியல் போர்ட்டில் பிசியோடு நேராக இணைக்கும் நல் மோடம் கேபிள் போட்டும் அனுப்பலாம், மெதுவாகப் போகும், ஆனால் போகும். டிஸ்க்கில் எதுவும் எழுதிவிடாமல் இருக்க ரைட் புரொடெக்ட் துளையைத் திறந்து வையுங்கள். முதலில் ஒரே ஒரு டிஸ்க்கைக் கொடுத்து, வந்த ஃபைலை ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுங்கள். முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள்.

8,000-ஐ நான் விடுவதாக இல்லை. இதே பேச்சை வேறு யாராவது கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள், புகாரோடு சேர்த்து அனுப்புகிறேன்.