ட்ரேசி சாப்மன் முதல் ஆல்பம், ரெக்கார்டுல கேட்டா வேற மாதிரி இருக்கு

அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனோட 1988ல வந்த ஆல்பத்தை 2025ல மறுபடி வினைல் ரெக்கார்டா விட்டாங்க, ட்ரேசியும் ப்ரொட்யூசர் டேவிட் கெர்ஷன்பாமும் கூடவே இருந்து பாத்து பண்ணது. போன்ல இதுல இருக்குற ஃபாஸ்ட் கார் பாட்டு மட்டும் எத்தனையோ தடவை கேட்டிருப்போம், ரெக்கார்டுன்னா சைடு ஏ, அதாவது முதல் பக்கம், முழுக்க உக்காந்து கேக்கணும், விஷயமே அங்கதான் இருக்கு.

மூணாவது பாட்டு, கறுப்பு வெள்ளைன்னு ரெண்டா கிடக்குற ஒரு ஊரைப் பத்தி. அது முடிஞ்சு பிஹைண்ட் தி வால் வருது பாருங்க, கிடார்கூட கிடையாது, வெறும் குரல். பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு அலறுது, போலீஸை கூப்பிட்டும் பிரயோஜனம் இல்ல, வந்தாலும் லேட்டாத்தான் வருவாங்க. வரிக்கு வரி நடுவுல ஒரு அமைதி விடுறாங்க, ஹெட்போன்ல கேட்டா அந்த இடத்துல நமக்கு மூச்சு நின்னுடும். கத்தவே மாட்டாங்க, அதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

ட்ரேசி வளர்ந்தது ஓஹையோ மாநிலத்துல கிளீவ்லாண்ட். நாலு வயசுல அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்க, வீட்டுல காசு கஷ்டம், ஆனா அந்த அம்மாதான் மூணு வயசுலயே கைல யுகுலேலே வாங்கி குடுத்தவங்க, எட்டு வயசுல கிடார், பாட்டு எழுத ஆரம்பிச்சதும் அப்பவே. ஸ்கூல்ல கறுப்பின பொண்ணுன்னு கிண்டல், அடி எல்லாம் பட்டிருக்காங்க. அப்புறம் ஸ்காலர்ஷிப்ல கனெக்டிகட்ல போர்டிங் ஸ்கூல், அடுத்து டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில மானுடவியல், படிச்சுக்கிட்டே ஹார்வர்ட் ஸ்கொயர் தெருவோரம் நின்னு பாடினாங்க. கூட படிச்ச ப்ரையன் காப்பல்மன் தன்னோட அப்பா சார்லஸ்கிட்ட கேக்க சொன்னதுலதான் கதவு திறந்துச்சு, அவர் பாட்டு பப்ளிஷிங்ல பெரிய ஆள்.

1988 ஜூன் 11, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல மண்டேலா 70வது பிறந்தநாள் கச்சேரி, பாடகர் ஸ்டீவி வொண்டரோட கீபோர்டுக்கான டிஸ்க் காணாம போக, ஏற்கனவே பாடி முடிச்ச ட்ரேசியவே திரும்ப மேடை ஏத்திட்டாங்க, ஒத்த கிடாரோட அவ்ளோ பெரிய ஸ்டேடியத்துல. அதுக்கப்புறம்தான் விற்பனை பிச்சுக்கிச்சு, அடுத்த வருஷம் 3 கிராமி.

குறைன்னா சைடு பி கொஞ்சம் இறங்குது, ரெண்டு பாட்டுல தாள வாத்தியமெல்லாம் சேர்த்தது எனக்கு தேவையில்லன்னு பட்டுச்சு, அந்த குரலுக்கு கிடார் போதும். கடைசி பாட்டுல மறுபடி குரலும் கிடாரும் மட்டும்தான், அதுக்காகவே திருப்பி போட்டு கேக்கலாம்.