பங்க் பட்டியல்: ஒலி துப்புரவு, அடுக்கு சரியில்லை

கிளிநொச்சிப் பக்கம் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுறது என் தொழில். லான்ட்மாஸ்டரில் பெட்டிகளோடு பெட்டியாக இருந்து போகும்போது காதில் ஓடுவது பங்க் என்ற முரட்டு ராக் இசை. மாதக் காசு கட்டி எடுத்த ஒரு பாட்டுச் செயலியின் ‘பங்க்’ பட்டியலைப் பற்றி எழுதுகிறேன்.

வீட்டில் இறக்கி வைத்தால் முரசுமோட்டை தாண்டி சிக்னல் விழுந்தாலும் பாட்டு நிற்காது. ஒலியும் துப்புரவு. அதில் குறை இல்லை.

அடுக்கிய விதம்தான் பிழை. கிளாஷ், கிராஸ், மைனர் திரெட், கிரீன் டே என்று எல்லாக் குழுவும் கலந்து வருகுது. ஆண்டும் இல்லை, வெளியிட்ட கம்பனியும் இல்லை. பங்க் இத்தனை கிளையாகப் பிரிந்ததில் கம்பனிக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. 1977 தை மாதம் கிளாஷ் சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பனியில் கையெழுத்து வைத்தது. அதே மாதம் மான்செஸ்டரில் பஸ்கொக்ஸ் குழு 500 பவுண்ட் கடன் வாங்கித் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். ஆண்டும் கம்பனியும் தெரியாமல் கேட்டால் அவை வெறும் இரண்டு பாட்டு.

கிராஸ் இன்னும் கடுமை. இதற்கு மேல் காசு கொடுக்காதே என்று இசைத்தட்டு உறையிலேயே விலையை அச்சடித்தது. அரசே வேண்டாம் என்று பாடும் அனார்க்கோ பங்க் கிளை வளர்ந்தது இவர்களைச் சுற்றித்தான். அதை அறிந்த பிறகு என் வாடகைச் சிட்டையிலும் விலையை அச்சடித்துவிட்டேன்: பெரிய கோயிலுக்கும் சின்னக் கோயிலுக்கும் ஒன்றுதான்.

பங்கை மெருகேற்றி ‘நியூ வேவ்’ என்று விற்ற காலத்தில் அமெரிக்கப் பெடியள் வேகத்தைக் கூட்டி, பாட்டைக் குறுக்கி ஹார்ட்கோர் பக்கம் போனார்கள். மைனர் திரெட்டில் இருந்த இருவர் 1980இல் வாஷிங்டனில் தொடங்கிய டிஸ்கோர்ட் என்ற இசைத்தட்டுக் கம்பனி இன்றும் சொந்தக் காலில் நிற்குது. கிரீன் டே பெரிய கம்பனிக்குப் போனதும், அவர்கள் வளர்ந்த பெர்க்லி கில்மன் அரங்கு அவர்களுக்கு மேடையை மறுத்தது.

இன்னொன்று. செயலி எல்லாப் பாட்டையும் ஒரே சத்த மட்டத்துக்கு இழுக்குது. அமைப்பில் அதை நிறுத்திவிட்டு, கிராஸின் தகரச் சத்தத்தையும் 1994இன் கிரீன் டேயையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். காசு எங்கே இறங்கியது என்று காதுக்கே விளங்கும்.

கட்டுற காசுக்குச் செயலி பெறுமதிதான். பட்டியலை மட்டும் விடுங்கள். குழுக்களைத் தனித்தனியாகத் தேடி ஆண்டு வரிசையில் நீங்களே அடுக்குங்கள். பஸ்கொக்ஸில் தொடங்கினால் நல்லது.