பூம்பாறை ஹோம்ஸ்டே என்று சொல்லி 9,500 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம் நடந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இந்த வார இறுதிக்கு யாராவது பணம் அனுப்பப் போகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள்.

மலை கிராமத்து வீடுகளை வீடியோ எடுத்துப் போடும் ஒரு பயணப் பக்கம். பூம்பாறையின் அடுக்கு வயல்கள் அப்படியே தெரிகிற ஜன்னலோடு ஒரு வீடு. இரண்டு இரவுக்கு 6,500, திருப்பித் தரும் டெபாசிட் 3,000. கொடைக்கானல் நெரிசலில் மாட்டாமல் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் போய், இரண்டு நாள் பூண்டு வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கக் கொடுத்த பணம்.

நம்ப வைத்தது இ-பாஸ், கொடைக்கானலுக்கு வண்டியில் போக எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. "வண்டி நம்பரும் எத்தன பேருன்னும் அனுப்புங்கண்ணே, பாஸ் நானே எடுத்துத் தர்றேன். ராத்திரி குளிரும், ரெண்டு கம்பளி சேத்து வைக்கச் சொல்றேன்" என்றான், வீட்டை வாடகைக்கு விடுவதாகப் பேசியவன். கொஞ்ச நேரத்தில் பாஸ் வந்தது. நிஜமான பாஸ், சாவடியிலும் செல்லுபடியானது. அதைப் பார்த்ததும்தான் 6,500 போனது. 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பாஸ் இலவசம், இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பாஸ் கையில் இருப்பதால் அறை இருக்கிறது என்று அர்த்தமே இல்லை. இது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

கிளம்பிய அன்று காலை டெபாசிட் 3,000. பணம் அனுப்பும்போது திரையில் வேறு பெயர் வந்தது. "தங்கச்சி அக்கவுண்ட்ணே" என்றான். போனில் "இங்க மழை கொட்டுது, பாத்து வாங்க" என்றவன், அடுத்த நிமிடமே "இப்ப எடுத்தது" என்று அனுப்பிய வீடியோவில் வயலெல்லாம் சுள்ளென்று வெயில். இப்போது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், ஓரத்தில் துணிகூடக் காய்கிறது.

அவன் அனுப்பிய லொகேஷன் ஊருக்கு மேலே சாலை வளைவில், வண்டிகள் நின்று படம் எடுக்கிற இடத்தில் போய் முடிந்தது. போன் சுவிட்ச் ஆஃப். சிக்னல் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அரை மணி நேரம் அங்கேயே காத்திருந்தாயிற்று. ஊருக்குள் இறங்கிக் கேட்டால், அந்தப் பெயரில் வீடே கிடையாது.

பக்கத்தை நடத்துகிறவர்: "நாங்க விளம்பரம் மட்டும்தான் ப்ரோ போடுறோம்." பணச் செயலி: பரிவர்த்தனை வெற்றி. வங்கி: நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியது சார். ஆக, 9,500 ரூபாய்க்கு யாருமே பொறுப்பில்லை!

ராத்திரி வேறொரு எண்ணிலிருந்து "ரீஃபண்ட்" என்று ஒரு கியூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்தால் 9,500 ரூபாய்க்கு பின் கேட்கிறது. பணம் வாங்க பின் தேவையே இல்லை, போட்டிருந்தால் இன்னொரு 9,500 போயிருக்கும்.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இவ்வளவுதான்: பாஸை நீங்களே எடுங்கள். ஜன்னலை வீடியோ காலில், அந்த நேரத்திலேயே காட்டச் சொல்லுங்கள். பெயர் மாறினால் அனுப்பாதீர்கள். டெபாசிட்டைச் சாவி வாங்கும்போது கொடுங்கள். ஏமாந்தால் உடனே 1930 (சைபர் குற்ற உதவி எண்), எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்று காலை அதே ஜன்னல் வீடியோ அந்தப் பக்கத்தில் மறுபடி வந்திருக்கிறது. கீழே நாலு பேர் வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள்.