12,750 பவுண்டுக்கு நான் வாங்கிய பச்சை பெயின்ட்

இங்கிலாந்தில் பழைய எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார்) வாங்க யோசிப்பவர்கள் பணத்தை அனுப்புவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். "முழுக்கப் புதுப்பித்த வண்டி" என்ற விளம்பரத்தை நம்பி 12,750 பவுண்டு கொடுத்தேன். அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்தது நல்ல பச்சை பெயின்ட்.

இந்த ஆசை சித்தப்பாவிடமிருந்து வந்தது. திருச்சியில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். அந்த அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் ஒரே 'பி சீரிஸ்' குடும்பம். முதன்முதலில் ஒரு எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்து பார்த்தபோது சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி, உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. நாற்பது வயதைத் தாண்டியதால் சாலை வரி கிடையாது. லண்டனுக்குள் தினசரி 12.50 பவுண்டு யூலெஸ் (புகை மாசு) கட்டணம் கிடையாது. வண்டி சாலைக்குத் தகுதியா என்று வருடாவருடம் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனைகூடக் கட்டாயம் இல்லை. இந்தக் கடைசிச் சலுகைதான் என் தலையில் விடிந்தது.

வண்டி 1971 மாடல். ஸ்போக் வீல், ஓவர்டிரைவ், கறுப்புத் தோல் சீட். விற்றவர் தன் சொந்த வண்டி என்றார், டீ போட்டுக் கொடுத்தார், தடிமனாக ஒரு ஆல்பத்தைக் காட்டினார். பிரைமர் அடித்த படம், பெயின்ட் அடித்த படம், பம்பருக்குக் குரோம் போட்ட படம் என்று வரிசையாக இருந்தது. தகரத்தை அறுத்த படமோ, வெல்டிங் செய்த படமோ ஒன்றுகூட இல்லை. இதை நான் கவனித்தது வீட்டுக்கு வந்து ஆறு வாரம் கழித்து! வண்டியைப் பார்க்கப் போன அன்று காலை மழை. தரையெல்லாம் ஈரம், நான் போட்டிருந்ததோ புது ஜாக்கெட். குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்க்கவில்லை. அடியில் தார் மாதிரி கெட்டியாகக் கறுப்புப் பூச்சு இருந்தது. துருப்பிடிக்காமல் எவ்வளவு அக்கறையாகப் பூசியிருக்கிறார் என்று மெச்சினேன். நாங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லாக் புக்கில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) அவர் பெயருக்கு வண்டி மாறி ஏழே வாரம் ஆகியிருந்தது. வீட்டில் இடம் பற்றவில்லை, அதனால்தான் விற்கிறேன் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஆறாவது வாரம் முன்சக்கரத்தைக் கழற்றி, அது திரும்புகிற அச்சான கிங்பின்னுக்குக் கிரீஸ் அடிக்கலாம் என்று, கதவுக்கு நேர் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியை வைத்து ஏற்றினேன். நாலைந்து சுற்று வரை ஒழுங்காகப் போனது. அப்புறம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஜாக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது, வண்டி ஏறவில்லை. பயந்துபோய் உள்ளே வைத்திருந்த பையை எடுக்கலாம் என்று கதவை இழுத்தால் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. கதவுக்கும் பின்பக்க உடம்புக்கும் நடுவே ஒரு விரல் போகிற அளவுக்கு இருந்த இடைவெளி மேலே அப்படியே மூடிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "கீழ படுத்துப் பாத்தியாடா?"

எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்புதான் எலும்பும். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லாததால், பாரமெல்லாம் கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் 'சில்' என்ற பெட்டியில்தான் இறங்குகிறது. பல தகடுகளைச் சேர்த்து வெல்ட் செய்த பெட்டி அது. உள்ளே இருப்பது போய்விட்டால் வண்டி நடுவில் தொங்கும். ஒழுங்காக மாற்றுவதென்றால் வெளித் தகடு முன் விங்குக்கும் பின் விங்குக்கும் (சக்கரங்களை மூடும் பக்கத் தகடுகள்) அடியில் புகுந்து போவதால் அந்த ஓரங்களையும் வெட்டித்தான் ஆகவேண்டும். என் வண்டியில் பழைய துருவின் மேலேயே கண்ணுக்குத் தெரிகிற நீளத்துக்கு மட்டும் ஒரு புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வொர்க்ஷாப்காரர் ஸ்க்ரூ டிரைவரால் கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். முதலில் பட்டி கட்டியாக விழுந்தது, அதற்குப் பின்னால் ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிற மஞ்சள் ஃபோம். சீட்டுக்குப் பின்னால் பேட்டரி வைக்கும் பெட்டியின் அடித்தட்டு விரலால் அழுத்தியதும் உள்ளே போனது. சரிசெய்ய 6,400 பவுண்டு கேட்டார், பெயின்ட் தனி. வண்டி வாங்கினால் இதையா முதலில் பார்ப்பார்கள் என்று மனைவி கேட்டாள். ஆமாம், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வயிற்றெரிச்சல் எதில் என்றால், எல்லாமே இலவசமாகக் கிடைத்திருக்கும். அரசின் எம்.ஓ.டி. வரலாற்றுப் பக்கத்தில் வண்டி எண்ணைத் தட்டினேன். கடைசிச் சோதனை 2013. ஃபெயில். காரணம், இரண்டு பக்கமும் சில் துருப்பிடித்துப் பலமிழந்தது. அதற்குப் பிறகு வண்டி சோதனைக்கே போகவில்லை. நாற்பது தாண்டியது என்பதால் கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். விரும்பினால் யாரும் செய்துகொள்ளலாம். 54.85 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பும் உண்டு. "எம்.ஓ.டி. போட்டுக் கொடுங்கள், செலவு என்னுடையது" என்று கேட்டிருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் தெரிந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. ஆனால் விற்பவர் சொன்ன விவரம் உண்மையாக இருக்க வேண்டும். விளம்பரத்தில் "சில் இரண்டும் புதிது" என்று எழுதியிருந்தார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பியிருக்கிறேன். நான் கேட்கும் தொகை 10,000 பவுண்டுக்குள் இருப்பதால் சிறு வழக்குப் பிரிவிலேயே போகலாம். முதலில் "வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று ஒரு செய்தி வந்தது. அப்புறம் 800 பவுண்டு தருகிறேன் என்றார். இப்போது போன் எடுப்பதில்லை.

பார்க்கப் போகிறவர்கள் பழைய போர்வை ஒன்றும் சின்ன காந்தம் ஒன்றும் கொண்டுபோங்கள். காந்தத்தைத் துணியில் சுற்றி சில் நெடுக, விங்குகளின் கீழ் ஓரம் நெடுக வைத்துப் பாருங்கள். பட்டி இருந்தால் ஒட்டாது. ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை அவரையே ஏற்றச் சொல்லி, கதவைத் திறந்து மூடுங்கள். இரண்டையும் மறுக்கிற ஆளிடம் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இதை இன்று எழுதக் காரணம், நேற்றிரவு இன்னொரு விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளை எம்.ஜி.பி. ஜி.டி., "தகர வேலை உட்பட முழுக்கப் புதுப்பித்தது". பின்னால் அதே செங்கல் சுவர், அதே நீலக் குப்பைத் தொட்டி. இந்த முறை வண்டி அவருடைய மாமனாருடையதாம்.