நிப்பிள் லைன் வழுவழுப்பு: பிளீச்சிங்கா, பெராக்சைடா, ஆசிடா?

கோழி ஷெட்டில் நிப்பிள் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் முனை) பொருத்திய தண்ணீர்ப் பைப்பின் கடைசி மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் அது உயிர்ப்படலம், அதாவது கிருமிகள் ஒட்டி வளர்ந்த பசைப்படலம். ஈ.கோலை, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் அங்கே பத்திரமாக இருக்கின்றன. மருந்தை நிறுத்தியதும் கழிச்சல் திரும்பினால் முதலில் இந்தப் பைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரில் கொடுக்கும் வைட்டமின், சர்க்கரை கலந்த மருந்தெல்லாம் இந்தப் படலத்துக்குத் தீனி.

பிளீச்சிங் பவுடர் மலிவு. 30% குளோரின் உள்ள சரக்கில் 1,000 லிட்டருக்கு 10 கிராம் போட்டால் 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின். ஆனால் ஏற்கெனவே தடித்த படலத்தை அது கரைக்காது; மேற்பரப்பிலேயே செலவாகிவிடும். தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8.5 என்றால் குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் கொல்லும் வடிவில் இருக்கும்; பிஎச் 7-ல் முக்கால் பங்கு. பவுடரை நேரே தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்புக் கசடு நிப்பிளில் சிக்கி ஒழுகும். வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றுங்கள்.

படலத்தைப் பெயர்க்க ஹைட்ரஜன் பெராக்சைடுதான் சரி. பேட்ச் கோழிகளைப் பிடித்து அனுப்பிய பிறகு, காலி ஷெட்டில் மட்டும்: 100 லிட்டர் தண்ணீருக்கு 35% சரக்கு 3 லிட்டர். உள்விட்டம் 20 மி.மீ. பைப்புக்கு 100 மீட்டருக்கு 31 லிட்டர் பிடிக்கும். கடைசி நிப்பிளில் நுரை வரும்வரை நிரப்பி, ஒவ்வொரு நிப்பிளையும் தட்டிவிட்டு, 24 மணி நேரம் வைத்து, அழுத்தத்தோடு அலசுங்கள். வாயு உருவாகும், காற்றுப்போக்கியை மூடாதீர்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலசல் அரைகுறையாக இருந்தால் பெயர்ந்த துண்டுகளே நிப்பிளை அடைக்கும். அதன்பின் தினசரி குளோரின் இல்லையென்றால் படலம் சில நாட்களிலேயே திரும்பும்.

ஆசிட் உப்புப் படிவுக்கானது. நாமக்கல் பக்கம் போர்வெல் நீர் கடினமாக உள்ள பண்ணைகளில் முதலில் சிட்ரிக் ஆசிடால் படிவை எடுத்து, நன்றாக அலசி, பிறகே பெராக்சைடு. படிவு இருக்கும்வரை அதன் சொரசொரப்பில் படலம் ஒட்டிக்கொள்ளும். கரிம அமிலத்தை மட்டும் நம்பித் தினமும் ஓடவிட்டால் பூஞ்சையும் ஈஸ்டும் வளர்ந்து வழுவழுப்பு கூடவும் செய்யும்.

பிளீச்சிங்கையும் ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு ஆளையே கொல்லும்.

தண்ணீரில் லசோட்டா (ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான) தடுப்பூசி கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே குளோரினையும் பெராக்சைடையும் நிறுத்திவிடுங்கள். மிச்சம் இருந்தால் தடுப்பூசி வைரஸ் செத்துப்போகும். தடுப்பூசி கலப்பதற்கு முன் லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்தால் எஞ்சிய குளோரின் அடங்கும்.