பெங்களூரில் பிள்ளையை எங்கே விடுவது: பக்கத்துத் தெரு அக்காவா, பிளே ஸ்கூலா, ஆபீஸ் கிரெச்சா?

அல்சூர், முருகேஷ்பாளையா பக்கம் நம் ஆட்களிடம் டே கேர் பற்றி விசாரித்தால் இந்த மூன்றும்தான் பதிலாக வரும். "லைசென்ஸ் இருக்கா?" என்று மூன்று இடத்திலும் ஒரே மாதிரி கேட்டால் வேலைக்கு ஆகாது.

ஆபீஸ் கிரெச்சுக்குத்தான் (ஊழியர்களின் பிள்ளைகளுக்கு நிறுவனம் நடத்தும் குழந்தைக் காப்பகம்) சட்டத்தின் பலம் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கிரெச் வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்றது 2017 மகப்பேறு சலுகைச் சட்டத் திருத்தம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. பால்குடிப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரே தொல்லை, சில்க் போர்டு டிராபிக்கில் பிள்ளையும் தினமும் கூடவே வர வேண்டும்.

பிளே ஸ்கூலுக்கு, தேசிய குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல் உண்டு: 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆயா. ஆனால் அது 3 முதல் 6 வயதுக்கு, சில மணி நேர வகுப்பை மனதில் வைத்து எழுதியது. மதியம் டீச்சர்கள் கிளம்பிய பிறகு, மாலை ஆறு வரை யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். வாசலில் மாட்டிய சான்றிதழில் அதற்குப் பதில் இருக்காது.

அக்கா வீட்டுக்கு வருவோம். வீட்டில் நாலு பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு உரிமம் தரவென்று தனி மத்தியச் சட்டமே கிடையாது. கடை, நிறுவனப் பதிவு வைத்திருந்தாலும் தொழில் நடக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. ஆகவே சோதனை அதிகாரி நீங்கள்தான். பால்கனி கம்பி இடைவெளி, பாத்ரூமில் நிரப்பி வைத்த வாளி, அடுப்படிக்குக் கதவு உண்டா, பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், வீட்டில் வேறு யார் யார் என்று எல்லாவற்றையும் பாருங்கள். அவருக்கே காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் யார்? மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். கதவைத் திறக்கத் தயங்கினால் வேறு இடம் தேடுங்கள். மற்றபடி தமிழ்ப் பேச்சு, ரசம் சாதம், கேப் தாமதமானாலும் முகம் சுளிக்காத மனசு எல்லாம் இங்கேதான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், ஒன்றரை வயது வரை ஆபீஸ் கட்டடத்திலேயே கிரெச் இருந்தால் அதுதான். இல்லையென்றால் நாலு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காத அக்கா வீடு. மூன்று வயதானதும் காலையில் பிளே ஸ்கூல், மதியம் அதே அக்கா. தனி ஆளாக எட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறார் என்றால், எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும் வேண்டாம்.