பன்றிக்காக வாங்கிய ஏ.ஆர்.15: எட்டு மாத அனுபவம்

போன அக்டோபரில், ஒரே ராத்திரியில் எங்கள் நிலத்தில் கால் ஏக்கரைக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டுவிட்டன. டிராக்டர் தோற்றுவிடும். வெண்டைப் பாத்தி, சொட்டுநீர்க் குழாய், ஆட்டுக்காக விதைத்திருந்த ஓட்ஸ் எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தன. ஹூஸ்டனுக்கு வடமேற்கே பத்து ஏக்கர் வைத்திருக்கிறோம். வார நாட்களில் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு மண்வெட்டி என்று ஓடும் வாழ்க்கை. பக்கத்துப் பண்ணைக்காரர் எழுபதைத் தாண்டியவர். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தவர், "ஒரு ஏ.ஆர். வாங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏ.ஆர்.15 என்ற ரைபிளைத்தான் சொன்னார்.

அன்று ராத்திரி வீட்டில் பேச்சை எடுத்தேன். "பன்னிக்கு வாங்குறீங்களா, உங்களுக்கு வாங்குறீங்களா?" என்றாள் மனைவி. பதில் சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு விஷயம். ஏ.ஆர். என்பதற்கு 'அசால்ட் ரைபிள்', அதாவது தாக்குதல் துப்பாக்கி, என்று விரிவு சொல்பவர்கள் நிறைய. அது ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. அங்கே யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் வடிவமைத்ததை 1959ல் கோல்ட் என்ற துப்பாக்கிக் கம்பெனி வாங்கியது; வியட்நாமில் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு போன எம்16 இதன் ராணுவ அண்ணன். 1977ல் காப்புரிமை முடிந்தபின் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். அதனால்தான் ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் குழல் அநேகமாக உட்கார்ந்துவிடுகிறது. கடையில் நமக்கு விற்பது, விசையை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா மட்டும் போகிற வகை. தானாகச் சடசடவென்று சுடும் இயந்திரத் துப்பாக்கியைப் புதிதாகச் செய்து பொதுமக்களுக்கு விற்பது 1986லேயே நின்றுவிட்டது.

வாங்குவது எவ்வளவு சுலபம் என்பதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு, 4473 என்ற படிவம். படிவத்தின் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி: இதை உங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா, வேறு யாருக்காவதா? மனைவி கேட்டதையே சர்க்காரும் கேட்கிறது என்று சிரிப்பு வந்தது. பின்னணிச் சோதனையில் எனக்கு 'தாமதம்' என்று வந்து, இரண்டு நாள் கழித்துக் கையில் கொடுத்தார்கள். எச்1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியான வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் நண்பன் சொன்னான் என்று போகாமல் வக்கீலைக் கேளுங்கள். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் மாதிரி மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்த விமர்சனமே உதவாது. அங்கே இந்த வடிவத்துக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ இருக்கிறது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். 16 அங்குலக் குழல், காலியாக ஏறத்தாழ மூன்று கிலோ. கல்லூரியில் என்.சி.சி.யில் மரக்கட்டை ரைபிளைத் தூக்கிப் பழகிய தோளுக்கு இது பொம்மை மாதிரி இருந்தது. உதை இல்லை என்றே சொல்லலாம். ஐம்பது கிலோ எடையுள்ள மனைவி முதல் நாளே நூறு கஜத்தில் ஐந்து தோட்டாவை உள்ளங்கை அகலத்துக்குள் போட்டாள். என்னுடையது அதைவிட அகலம், விட்டுவிடுவோம். சத்தம் வேறு கதை. 160 டெசிபல் அளவில் வெடிக்கும். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், காதுக்குள் நுரை அடைப்பானும் மேலே மஃப் என்ற காதுமூடியும் போட்டும், பக்கத்து வரிசைக்காரர் சுடும்போது நெஞ்சுக்கூட்டில் அடித்தது. கூரைக்குக் கீழே இருக்கும் ரேஞ்ச் என்றால் இன்னும் மோசம். நான் போன இடத்தில் வாசலிலேயே ஒருவர் காந்தத்தை வைத்துத் தோட்டாக்களைத் தடவிப் பார்க்கிறார். ஒட்டினால் உள்ளே எஃகு இருக்கிறது, பின்சுவர் பாழாகும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கிக்கொண்டு போன நூறும் ஒட்டியது.

தோட்டா வாங்கும்போது குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். 5.56, .223 என்பவை இரண்டு தோட்டா வகைகள். 5.56 என்றிருந்தால் .223 தோட்டாவும் போடலாம். .223 என்று மட்டும் இருந்தால் 5.56 போடக்கூடாது, உள்ளே அழுத்தம் எகிறிவிடும். பெட்டியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த ரைபிளில் குறி பார்க்க மாட்டியிருக்கும் ரெட் டாட் என்ற சிவப்புப் புள்ளிக் கண்ணாடி, குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே உட்கார்ந்திருக்கிறது. நவம்பரில் ஒரு விடியற்காலை வேலிச் சட்டத்தின் மேல் சாய்த்துக் குறி பார்த்தேன். சிவப்புப் புள்ளி பன்றியின் காதுக்குப் பின்னால் அழகாக நின்றது. இழுத்தேன். பன்றி போயே போய்விட்டது. முகத்தில் மரத்தூள். கண் சட்டத்துக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்க, குழல் என் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை, பக்கத்துப் பண்ணைக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

சுட்ட பிறகு சுத்தம் செய்ய அரை மணி நேரம். வெடிவாயுவின் ஒரு பங்கை மெல்லிய குழாய் வழியாகப் பின்னுக்குக் கொண்டுவந்துதான் இது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அதனால் கரி மொத்தமும் உள்ளேயே வந்து படிகிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் வாலில் தோசைக்கல் அடி மாதிரி கறுப்பு ஏறியிருக்கும். பழைய பல் பிரஷ், எண்ணெய், துணி போதும். ஆனால் கழற்றுவதும் மாட்டுவதும் உண்மையிலேயே எளிது. இரண்டு இரும்பு ஊசியைத் தள்ளினால் ரைபிள் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரே கோளாறு, ஒரு மலிவு மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் கூடு. அதைத் தூக்கிப் போட்டபின் ஒருமுறைகூடச் சிக்கவில்லை.

இனி கணக்கு. ரைபிள் 640 டாலர். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ரெட் டாட் 150, மேகசின், காது மஃப், கண்ணாடி எல்லாம் சேர்த்து 120, தோட்டா ஒன்றுக்கு ஏறத்தாழ அரை டாலர். ஒரு சனிக்கிழமை ரேஞ்சில் இருநூறு சுட்டால் நூறு டாலர் புகை. அப்புறம் இரும்புப் பெட்டி 900. ரைபிளைவிடப் பெட்டிக்கு விலை அதிகமா என்று யோசிக்காதீர்கள். எங்கள் பையனுக்கு 11 வயது. சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாமல் விட்டு, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போனால் டெக்சஸில் அது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பெட்டி வாங்கியிருப்பேன். 2022 மே 24 அன்று இதே மாநிலத்தில் யுவால்டி என்ற ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் செத்தது இதே வகைத் துப்பாக்கியால்தான். சுட்டவனுக்கு 18 வயது, கடையில் முறைப்படி வாங்கியிருந்தான். அந்த வாரம் பையனைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். வாங்கிய பிறகும் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த நினைவு ஒரு நொடி வந்துபோகிறது. கைத்துப்பாக்கியால் சாகிறவர்கள் இதைவிட மிக அதிகம், நாட்டில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை என்பதெல்லாம் தெரியும். தெரிந்தும் வருகிறது.

வீட்டுப் பாதுகாப்புக்கு என்று வாங்குகிறவர்களுக்கு: எங்கள் வீட்டு உள்சுவர் ஜிப்சம் அட்டை. குறி தப்பினால் தோட்டா அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும், அந்த அறையில் யார் தூங்குகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு நான் இதை நினைக்கவே இல்லை.

பன்றிக்கு? .223 சின்னத் தோட்டா. ரேஞ்சில் சுடும் சாதா தோட்டா இதற்கு ஆகாது, முனை மென்மையான வேட்டைத் தோட்டா வேண்டும், அதுவும் இடம் பார்த்து அடிக்க வேண்டும். கிழட்டு ஆண் பன்றியின் தோளில் கெட்டித் தோல் கேடயம் மாதிரி இருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரரின் பழைய .308 போல்ட் ரைபிள், பெரிய தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றிச் சுடுவது, அதை ஒரே அடியில் சாய்த்ததைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் என் ஏ.ஆர். வீழ்த்தியது மூன்று. முதல் வெடியிலேயே கூட்டம் சிதறி, அடுத்த வாரம் வேறு மூலையில் உழும். பிப்ரவரியில் கம்பி வலைப் பட்டி ஒன்று அடித்து, சோளத்தைப் போட்டு, கதவைத் திறந்தபடி கட்டிவைத்து இரண்டு வாரம் பழக்கினோம். ஒரே ராத்திரியில் பதினேழு உள்ளே. பட்டிக்கு ஆன செலவு இரும்புப் பெட்டியை விடக் குறைவு.

மனைவிக்கு ஒருவழியாகப் பதில் சொன்னேன்: "எனக்குத்தான்." தெரியும் என்று தலையாட்டிவிட்டு, போன சனிக்கிழமை அவளே ரேஞ்சுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அலுவலகத்தில் ஒருவர் 500 டாலருக்குக் கேட்கிறார். இதே மாநிலத்துக்காரர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ள இங்கே பின்னணிச் சோதனை கட்டாயமில்லை. கொடுத்தால் டீலர் கடையில் வைத்து, அவர் படிவம் எழுதி, சோதனை முடிந்துதான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் அவர் பேச்சை எடுக்கவில்லை.